டோக்கனில் இருந்த பெயர்

இன்னும் ஒரு கோப்பைக்கூட ஏற்றவில்லை. ஆனாலும் திரையில் 'ஒன்று' என்று காட்டியது.

கிறிஸ்டினா கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மொத்தக் கோப்புகள்: 1. கண்ணில் கோளாறு இல்லை. தேடுகிற மென்பொருளைச் சங்கத்துச் சர்வரில் நிறுவி முடித்துப் பத்து நிமிஷம்தான் ஆகிறது. எந்த ஃபோல்டரைப் படிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை புதுசாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் வரி வரியாக எழுதிச் சேமித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறாள். அவ்வளவுதான். ஃபோல்டர் காலி. கழுவிக் கவிழ்த்த பானை மாதிரிக் காலி.

"டெஸ்ட்டுக்குன்னு நானே எதையாச்சும் போட்டுத் தொலைச்சேனா?"

முணுமுணுத்துக்கொண்டே அழித்தாள். பூஜ்ஜியம் வந்தது. நாற்காலியில் சாய்வதற்குள் மறுபடியும் ஒன்று.

அக்காள்மடம் மெயின் ரோட்டிலிருந்து கடலுக்குப் பிரிகிற மணல் பாதையின் கடைசிக் கட்டடம் அது. மீனவர் சங்க ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமையில் இந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். அதிலும் இன்றைக்குக் கோயில் திருவிழா; பூசை முடிந்து ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று கொட்டிக் கிடந்தது. கச்சான் காற்று மணலை அள்ளி அள்ளி ஷட்டரில் அடிக்கிற சத்தம், யாரோ நகத்தால் தகரத்தை விடாமல் சுரண்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த அறை முன்னே ஐஸ் வைக்கிற ரூமாக இருந்தது. ஜன்னல் கிடையாது. எத்தனை முறை ஃபினாயில் போட்டுக் கழுவினாலும் சுவரில் ஊறிய மீன் வாடை போகவில்லை. ஏசி குளிரில் அது இன்னும் கெட்டியாகி நாக்கில் ஒட்டியது. ஒரு மூலையில் சர்வர். எதிர்ச் சுவரில், கடலுக்குப் போனவர்கள் கரையோடு பேசுவதற்கான வயர்லெஸ் செட். அதில் வருகிற பேச்செல்லாம் தானாகச் சர்வரில் பதிவாகும்.

கடலுக்குப் போக அனுமதி தருகிற டோக்கன் சீட்டு, வயர்லெஸ் பதிவு, புகார், மனு என்று இருபது வருஷத்தில் சேர்ந்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கிற மாதிரி செய்து தர வேண்டும் என்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஒரு வார்த்தையைத் தட்டினால் போதும், அது எந்தக் காகிதத்தில் இருந்தாலும், எவர் வாயிலிருந்து வந்திருந்தாலும், மஞ்சள் பூசிக்கொண்டு மேலே வந்து நிற்கும். பேச்சை எழுத்தாக்குகிற வசதியையும் அவள் சேர்த்திருந்தாள். வேலையை வாங்கிக் கொடுத்தது அவள் அண்ணன் அருளானந்தம், சங்கத்துச் செயலாளர். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது, புருஷன் விட்டுவிட்டு ஓடிய பிறகு பாம்பனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தது, எல்லாம் அண்ணன்தான்.

அந்த ஒற்றைக் கோப்பைத் திறந்தாள்.

வயர்லெஸ் பதிவு. அளவு: பூஜ்ஜியம். தேதியைப் பார்த்ததும் விரல் நின்றது. மூன்று வருஷத்துக்கு முந்தைய நவம்பர். இருபத்தெட்டு. அதிகாலை இரண்டு பத்து.

இது வர வாய்ப்பே இல்லை. "அந்த மாசத்துப் பதிவெல்லாம் புயல்ல தண்ணி ஏறிக் கெட்டுப்போச்சு கிறிஸ்டி, அதை விட்டுரு" என்று அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தான். அந்த மாத ஃபோல்டரைத் தொடாதே என்று அவளே தன் கையால் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். போய்ப் பார்த்தாள். வரி அப்படியே இருந்தது. ஃபோல்டர்தான் டிஸ்க்கில் எங்குமே இல்லை.

இல்லாத இடத்திலிருந்து, ஒன்றுமே இல்லாத ஒரு கோப்பு.

ஒலிக்க விட்டாள். காற்று. பெரிய காற்று. தகரம் கிழிகிற மாதிரி இரைச்சல். அதற்கு அடியில், ஃபைபர் படகின் வயிற்றில் தண்ணீர் மோதுகிற 'தொப் தொப்'.

"கரை… கரை… கேக்குதா?"

அவ்வளவுதான். அறுந்தது.

மூடிவிட்டாள்.  தேதிதான் அவளை உலுக்கியது, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். அந்த இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குத்தான் புருஷன் ஜெபஸ்டினிடமிருந்து அவள் போனுக்குச் செய்தி வந்தது. 'கொச்சிக்குப் போறேன். எனக்கு வேற ஒருத்தி இருக்கா. என்னைத் தேடாதே.' அவள் ஒன்றும் வெளியூருக்குப் போயிருக்கவில்லை. அதே ஊரில், அண்ணன் வீட்டில், புயலுக்குப் பயந்து படுத்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். ஊர் சிரித்தது. அவள் கல்யாண போட்டோவைக் கிழித்து அடுப்பில் போட்டாள். கோயில் படியில் நின்று, 'அவன் தண்ணி கிடைக்காமச் சாகணும்' என்று வாய்விட்டுச் சபித்தாள்.

போன் அடித்தது. தூக்கி வாரிப் போட்டது.

"என்ன கம்ப்யூட்டர் மேடம், பந்திக்கு வரலையா?" அண்ணன். பின்னால் இலைச் சத்தம், பாட்டுச் சத்தம். "கறி தீரப் போகுது. உனக்கு எலும்புதான் மிச்சம்."

"வேலை கிடக்குண்ணே."

"சரி சரி, நானே பார்சல் எடுத்துட்டு வாரேன். எல்லாம் ஏறிருச்சா?"

"இப்பத்தான்… அண்ணே, அந்த நவம்பர் மாசப் பதிவு…"

பாட்டுச் சத்தம் தேய்ந்தது; அண்ணன் பந்தியை விட்டுத் தள்ளி வந்துவிட்டான் போல. 

"அதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்ல தாயி," என்றான் அண்ணன். குரலில் சிரிப்பு இல்லை. "அதைத் தொடாத. நான் வாரேன்."

திரையில் மூன்று ஆகியிருந்தது.

அவள் எழுந்து போய் வயர்லெஸ் செட்டைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. சர்வரிலிருந்து வெளியே போகிற நெட் வயரையும் பிடுங்கினாள். வேறு எவனாவது உள்ளே புகுந்து விளையாடினால் இத்தோடு நிற்கட்டும். திரும்பி வந்து, மனசை வேலையில் கட்டிப் போடுகிற மாதிரி, போன வாரம் ஸ்கேன் செய்த டோக்கன் சீட்டுகளின் டிஸ்க்கைச் செருகினாள். எண் ஓட ஆரம்பித்தது. நூறு, ஆயிரம், மூவாயிரம். ஆறாயிரத்து இருநூற்றில் நின்றது. பெருமூச்சு விட்டாள்.

ஆறாயிரத்து இருநூற்று ஒன்று.

ஆறாயிரத்து இருநூற்று இரண்டு.

புதிதாக வந்தவை எல்லாம் அதே இரவு. இரண்டு நாற்பது. மூன்று ஐந்து. ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"கரை… கரை… அருளானந்தம் பேசுறேன். இஞ்சின் நின்னுபோச்சு. கேக்குதா?"

அவள் முதுகில் ஏசி காற்று பட்டது. அல்லது வேறு ஏதோ.

பெயர் அண்ணனுடையது. குரல் அண்ணனுடையது இல்லை. 'ஞ்' சொல்லும்போது மூக்கில் லேசாக ஒட்டுகிற அந்தக் குரல் ஐந்து வருஷம் அவள் காதுக்குப் பக்கத்தில் படுத்துப் பேசிய குரல். திட்டித் திட்டி மறந்துவிட்டோம் என்று நம்பியிருந்த குரல்.

ஜெபஸ்டின்.

ஏன் அண்ணன் பெயரைச் சொல்கிறான்?

கேள்வி எழுந்த மறு நொடியே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இந்தக் கரையில் பிறந்த எவளுக்கும் தெரியும். டோக்கன் போட்டவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தன் அந்த டோக்கனில் ஆள் மாறிப் போவான். திரும்பிக் கரையேறும்வரை, வயர்லெஸில் அவன் அந்தப் பெயரில்தான் பேச வேண்டும். டோக்கனில் எந்தப் பெயரோ, கடலில் அதுதான் பெயர்.

தேடுகிற கட்டத்தில் 'ஜெபஸ்டின்' என்று தட்டினாள். நானூற்றுச் சொச்சம் டோக்கன்கள் வந்தன. கடைசியானது நவம்பர் இருபத்தைந்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இருபத்தாறிலிருந்து புயல் எச்சரிக்கை. யாருக்கும் டோக்கன் கிடையாது. பெயரை எடுத்துவிட்டுத் தேதியைப் போட்டாள். நவம்பர் இருபத்தேழு.

ஒரே ஒரு சீட்டு.

படகை இடம் மாற்றிக் கட்டுவதற்காக, செயலாளருக்கு மட்டும் உள்ள அனுமதி. பெயர்: அருளானந்தம். கீழே கையெழுத்து. 'ஜெ' போட்டு, வாலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து இழுத்த கையெழுத்து. அவள் கல்யாணப் பதிவேட்டில் இருக்கிற அதே கையெழுத்து.

மணல் ஷட்டரைச் சுரண்டியது. நின்றது. சுரண்டியது.

கொச்சி இல்லை. வேற ஒருத்தி இல்லை. அண்ணனுடைய புது வலை அந்த வாரம் கடலில் கிடந்தது. புயல் வந்தால் போய்விடும் என்று அண்ணன் புலம்பிக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. புயலில் கயிறு அறுந்து போன படகுகளில் அண்ணன் படகும் ஒன்று என்று ஊரே பேசியதும்தான். கடலுக்குப் போகும்போது போனைக் கரையில் விட்டுவிட்டுப் போவது எல்லோருக்கும் பழக்கம். ஜெபஸ்டின் போனை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனான்?

அந்த ராத்திரி கரை செட்டில் யார் இருந்தது?

எண் ஒன்று கூடியது. நாலு இருபது மணிப் பதிவு. ஏழு நிமிஷம்.

திறக்க வேண்டாம் என்று நினைத்தாள். திறந்தாள்.

"மச்சான்." இப்போது குரலில் கத்தல் இல்லை. களைத்திருந்தது. பல் தந்தியடிக்கிற சத்தம் இடையிடையே. "நீங்கதான் இருக்கீங்கன்னு தெரியும் மச்சான். உங்க மூச்சு கேக்குது. பட்டனை அமுக்கிட்டுப் பேசாம இருக்கீங்க. ஏன் மச்சான்? யாரையாச்சும் அனுப்புங்க. கிறிஸ்டிக்கிட்ட சொல்லுங்க…"

இரைச்சல். தண்ணீர்.

"கடலுக்கு வந்தது அருளானந்தம்னு எழுதியிருக்கு. அப்ப ஜெபஸ்டின் எங்க இருக்கான் மச்சான்? கிறிஸ்டிக்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

அதற்குப் பிறகு நான்கு நிமிஷம் பேச்சு இல்லை. ஒரு மூச்சு மட்டும். கரைப் பக்கத்து மூச்சு. உள்ளே இழுக்கும்போது லேசாக விசிலடிக்கிற, சின்ன வயசிலிருந்து ஆஸ்துமா உள்ள மூச்சு. அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கி வளர்ந்தாள்.

ஷட்டர் 'கிரீச்' என்று உயர்ந்தது.

"ஏ கிறிஸ்டி! என்னத்தா ஷட்டரை இறக்கிட்டுப் பூனை மாதிரி உக்காந்திருக்க?"

அருளானந்தம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றான். கையில் வாழை இலைப் பொட்டலம். கறி வாசனை அறைக்குள் நுழைந்து மீன் வாடையோடு கலந்தது.  பொட்டலத்தை மேஜையில் வைத்தவன் திரையைப் பார்த்தான். டோக்கன் சீட்டு திறந்தே கிடந்தது.

குனிந்து, அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"இதை எதுக்கு எடுத்த?" என்றான் மெதுவாக.

"நான் எடுக்கலண்ணே. அதுவா வந்துச்சு." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "அவரை நீதான் அனுப்புனியா?"

"யாரு சொன்னா உனக்கு?"

அவள் பட்டனைத் தட்டினாள். *உங்க மூச்சு கேக்குது மச்சான்.*

அருளானந்தத்தின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள். பக்கத்து நாற்காலியைத் துழாவிப் பிடித்துக்கொண்டான்.

"இதெல்லாம் அழிச்சுட்டேனே," என்றான். "ஒண்ணு விடாம அழிச்சேனே."

மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்திருந்தாள் போல. அந்த ஒரு வரியில் உள்ளே ஏதோ அறுந்து விழுந்தது.

"புயல் திரும்பிரும்னு சொன்னாங்க தாயி. ஒரு மணி நேர வேலை. வலையை அள்ளிப் போட்டுட்டு வந்துர்றேன்னு அவன்தான் கிளம்பினான். நான் கட்டாயப்படுத்தல." அவன் வேகமாகப் பேசினான். "கூப்பிட்டான். கேட்டேன். யாரை அனுப்பச் சொல்ற? அந்தக் காத்துல எவன் போனாலும் வந்திருக்க மாட்டான். எச்சரிக்கையை மீறி டோக்கன் போட்டது தெரிஞ்சா என் பதவி போகும், சங்கத்தைப் பூட்டிருவாங்க, உன்னை யாரு பாப்பா?"

"அந்த மெசேஜு?"

அவன் தலையைக் குனிந்தான். "நீ கடலைப் பாத்துக்கிட்டே சாகக் கூடாதுன்னுதான். வெறுத்துட்டா மறந்துருவேன்னு நெனச்சேன்."

"ஓடிப்போனான்னு ஊரு சிரிச்சுச்சே அண்ணே." அவளுக்கு அழுகை வரவில்லை.  "நானும் சேந்து திட்டுனேனே. செத்துக் கிடந்தவரை மூணு வருஷமாத் திட்டுனேனே. கோயில் படியில நான் சபிக்கும்போது நீ பக்கத்துல நின்னு என் தோளைத் தட்டிக் குடுத்த. நின்னியா இல்லையா?"

அவன் சட்டென்று குனிந்தான். சர்வருக்குப் போகிற மொத்த வயரையும் கொத்தாகப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினான். பேட்டரிப் பெட்டி 'கீ கீ' என்று கத்தியது. அதையும் உதைத்து அணைத்தான். திரை இருண்டது. விளக்கும் ஏசியும் அதே இணைப்பில்தான் இருந்தன. எல்லாம் நின்றன. திறந்த ஷட்டர் வழியாக வந்த வெயில் மட்டும் தரையில் ஒரு வெள்ளைப் பாய் மாதிரிக் கிடந்தது.

"முடிஞ்சுது," என்றான் அண்ணன். மூச்சு விசிலடித்தது. "வா, வீட்டுக்குப் போவோம். நீயும் நானும்தான் மிச்சம். இதை இத்தோட…"

காற்று நின்றிருந்தது. மணல் சுரண்டவில்லை.

சுவரில், மின்சாரம் இல்லாத வயர்லெஸ் செட்டில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

"கரை… கரை… அருளானந்தம் பேசுறேன். கேக்குதா?"

ஜெபஸ்டின் குரல் இல்லை.

கிறிஸ்டினா மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றான். வாய் இறுக மூடியிருந்தது. செட்டில் பேசியது அவன் குரல்.

"கரை… தண்ணி ஏறுது. முழங்கால் வரைக்கும் ஏறிருச்சு."

அவன் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. ஈரத்தின் விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. காலுக்குக் கீழே தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. ஷட்டர் வழியாக வந்த மணல்கூட அப்படியே இருந்தது.

"இடுப்பு வரைக்கும்."

கோடு ஏறியது.

அவன் அவளை நோக்கிக் கையை நீட்டினான். கை வரவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, கனமான எதையோ தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. விரல்கள் விரிந்து விரிந்து மூடின. கண் இரண்டும் அவள் முகத்தில் அறைந்து நின்றன.

"கிறிஸ்டி…" செட் அழுதது. "நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு தாயி. ஒரு வார்த்தை சொல்லு. கேக்குதுன்னு சொல்லு. போதும்."

செட்டின் மைக் அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. பட்டனுக்கு மேலே கட்டை விரல் இருந்தது.

வாயைத் திறந்தாள்.

மூடினாள்.

ஈரக் கோடு சட்டைக் காலரைத் தாண்டியது. தாடை. உதடு. செட்டில் குரல் கொப்பளித்து, பேச்சு இல்லாமல் வெறும் சத்தமாகி, நின்றுபோனது. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

காற்றே இல்லாத அந்த அறையில், வெயில் வெளிச்சத்தில், அருளானந்தத்தின் தலைமுடி ஒவ்வொன்றாக எழுந்தது. எழுந்து, கடல் பாசி மாதிரி, இடமும் வலமுமாக மெல்ல அசைந்தது. கண்கள் திறந்தே இருந்தன. அவன் மூக்கிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டு, நிதானமாக மேலே போய், கூரையில் முட்டி, உடையாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

பிறகு இன்னொன்று.